கண்டி மலைவீதிகளில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்

கண்டி இராச்சியம் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் எதிர்த்து நின்றதற்கு அதன் படைபலம் எவ்வளவு காரணமோ, அதைவிடப் பெரிய காரணம் அங்கு வண்டி போகக்கூடிய வீதி ஒன்றும் இல்லாமையே. கடற்கரைப் பிரதேசத்திலிருந்து மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதைகளை அகலப்படுத்தாமல் விடுவதும், கணவாய்களில் முள்வேலிக் கதவு அமைத்துக் காவல் வைப்பதும், பலன போன்ற இடங்களில் கோட்டை கட்டிக் கீழே வரும் படையை நோக்கிக் காத்திருப்பதும் மன்னர்கள் திட்டமிட்டுக் கடைப்பிடித்த பாதுகாப்பு முறைகளாகும். 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1817-18இல் ஊவாவில் தொடங்கிய கிளர்ச்சி பெரும் உயிர்ச்சேதத்துடன் அடக்கப்பட்ட பிறகு, மலைநாட்டை நிரந்தரமாகப் பிடித்துவைக்க வேண்டுமானால் பீரங்கி வண்டி ஏறக்கூடிய வீதி வேண்டும் என்பதைப் புதிய ஆட்சியாளர் உணர்ந்தனர். இன்று ஏ1 என்ற இலக்கத்தோடு கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் ஏறத்தாழ 115 கிலோமீற்றர் நீளமான வீதி, தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், இந்த இராணுவத் தேவையிலிருந்து பிறந்தது. பிற்காலத்தில் விடுமுறை நாளில் திறந்த காரொன்றை ஓட்டிச் செல்வோர் அனுபவித்த ஒவ்வொரு வளைவும் முதலில் படை நகர்த்துவதற்காக வெட்டப்பட்டதே.

இவ்வீதியின் கடினமான பகுதி மாவனல்லையைக் கடந்தபின் வரும் கடுகண்ணாவைக் கணவாய். அங்கே பாறையைக் குடைந்து வழி உண்டாக்கப்பட்டது. மலையைத் துளைத்து வருபவனே கண்டியை வெல்வான் என்றொரு பழைய நம்பிக்கை இருந்ததாகச் சொல்லப்படும் கதை, அந்தக் குடைவோடு சேர்ந்தே இன்றுவரை வழங்குகிறது. வேலையை மேற்பார்த்த பொறியியற் படை அதிகாரி கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட உயரமான கோபுரம், உள்ளே சுழன்றேறும் மரப்படிக்கட்டோடு, கடுகண்ணாவையில் வீதியோரமாக நிற்கிறது. மண் சுமந்தவர்களுக்கும் பாறை உடைத்தவர்களுக்கும் அவ்வாறான சின்னம் எதுவும் எழவில்லை. அவர்களிற் பெரும்பகுதியினர் இராசகாரியம், அதாவது அரசனுக்குச் செய்தாக வேண்டிய கட்டாய ஊழியம், என்ற பழைய முறையின் கீழ்ப் பிடித்து வரப்பட்ட கிராமத்தவர். அரசன் போன பிறகும் அந்த ஊழியத்தை ஆங்கிலேயர் தமக்காகத் தொடர்ந்து பயன்படுத்தி, 1832இல்தான் ஒழித்தனர். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் வீதி வேலைக்கென அமைக்கப்பட்ட பயனியர் படைகளில் இருந்தனர்.

பேராதனையில் மகாவலியைக் கடக்க 1833 அளவில் கட்டப்பட்ட பாலம் தனியே குறிப்பிடத் தக்கது. ஆற்றின் நடுவே தூண் எதுவும் இல்லாமல், 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டிய அந்தப் பாலம் முழுக்க முதிரை மரத்தால் ஆனது. ஆணியோ இரும்புத் திருகோ இல்லாமல் மரத்தை மரத்தோடு கவ்வவைத்துப் பூட்டிய தச்சு வேலை அது. மாட்டு வண்டிகளையும் அஞ்சல் குதிரை வண்டிகளையும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் தாங்கிய பின் 1905இல் அதன் இடத்தில் இரும்புப் பாலம் வந்தது. மோட்டார் கார் இலங்கையில் பரவத் தொடங்கியதும் அதே ஆண்டுகளில்தான்.

இடைப்பட்ட காலத்தில் வீதி கொஞ்சம் மவுசு இழந்திருந்தது. 1867இல் கண்டிவரை புகையிரதம் வந்ததும் கோப்பி மூடைகளும் கனவான்களும் தண்டவாளத்துக்கு மாறினர். கார் வந்த பிறகே மலைவீதி மீண்டும் பயணத்துக்குரிய பாதையாயிற்று. 1904இல் இலங்கை மோட்டார் வாகனக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க கால உறுப்பினரிற் கணிசமானோர் தேயிலைத் தோட்டத் துரைமார். துரை என்பது தோட்டத்தின் அதிகாரியைத் தொழிலாளர் அழைத்த பெயர். பெரியதுரை, சின்னத்துரை என்று பதவிப்படி அது பிரியும். ஒரு தோட்டத்துப் பங்களாவிலிருந்து அடுத்த தோட்டத்துப் பங்களாவுக்குப் பல மைல் தூரம் இருந்தது. கிளப், தேவாலயம், வங்கி, குதிரைப் பந்தயம் எல்லாம் கண்டியிலோ நுவரெலியாவிலோ இருந்தன. ஆகவே காரோட்டுதல் அவர்களுக்கு வசதியாக மட்டும் நில்லாமல் பொழுதுபோக்காகவும் விரைவில் மாறியது. நுவரெலியாவுக்கு அருகே மாகஸ்தோட்டைத் தோட்டத்து வீதியில் 1930களில் மலையேற்றப் போட்டி தொடங்கியது. மலையேற்றப் போட்டி என்பது வாகனங்கள் ஒன்றையொன்று துரத்தாமல், ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, குறித்த ஏற்றத்தை யார் குறைந்த நேரத்தில் ஏறி முடிக்கிறார் என்று நேரம் கணித்துப் பார்ப்பது. சித்திரை மாதத்து வசந்தகால விழாவோடு சேர்ந்து அது இன்றும் நடைபெறுகிறது.

இந்தச் சூழலில்தான் ஸ்போர்ட்ஸ் கார் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தது. இருவர் மட்டும் அமரத்தக்க, தாழ்ந்த, எடை குறைந்த, துணிக்கூரையை மடக்கிவிட்டால் திறந்தவெளியாகிவிடும் காரையே இச்சொல் பெரும்பாலும் குறித்தது. வேகம் அதன் பெயரோடு ஒட்டியிருந்தாலும் அதன் எந்திரம் பெரிதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் தயாரான எம்.ஜி. டி.சி. கார் 1250 கன சென்டிமீற்றர் எந்திரத்தையும் ஏறத்தாழ 54 குதிரைவலுவையுமே கொண்டிருந்தது. 1958இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட், 948 கன சென்டிமீற்றரில் 43 குதிரைவலுவோடு அதைவிடச் சிறியது. நேரான பெருவீதியில் சாதாரணமாகத் தோன்றும் இத்தகைய கார், வளைவுக்கு வளைவு கியர் மாற்றி ஏறும் மலைவீதியில் தன் எடைக்குறைவால் மேலோங்கியது. நூறு மைல் வேகத்துக்கு அங்கே இடமில்லை. முப்பது மைல் வேகத்தில் ஒரு வளைவை எடுப்பதிலேயே திறமை முழுவதும் தெரிந்துவிடும். அந்த வகையில் கண்டியைச் சூழ்ந்த நிலம் இவ்வகைக் காருக்கென்றே அமைந்தது எனலாம்.

கண்டியிலிருந்து நெடும்பயணம் புறப்படுவோருக்கு வழிகள் பல. பேராதனையில் பிரிந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதி, ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்குக் காரைக் கொண்டுபோகிறது. காற்றின் அடர்த்தி உயரத்தோடு குறைவதால், எந்திரம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் குறைகிறது. பெற்றோலின் அளவு அதற்கேற்பக் குறையாவிட்டால் கலவை தடித்து, புகைபோக்கியில் கரி படிந்து, கார் மந்தமாகிறது. காபரேட்டர், அதாவது பெற்றோலையும் காற்றையும் கலந்து எந்திரத்துக்கு ஊட்டும் உறுப்பு, சமதரையில் சரியாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தாலும் நுவரெலியாவில் மறுபடி கை வைக்க வேண்டியதாகும். ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் இருந்த எஸ்.யு. வகைக் காபரேட்டரின் தலையில் ஒரு சிறு பித்தளை மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்து உள்ளே மெல்லிய எண்ணெய் சில துளி விடுவதும், அடியிலுள்ள திருகை ஒரு முனை அளவு நகர்த்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பதும் ஓட்டுநர் தாமே பழகிக்கொண்ட வேலைகள். சாவியைத் திருப்பியதும் சில கார்களில் பின்புறத்து மின்பம்பு டிக் டிக் என்று அடித்து, காபரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். அது ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ பெற்றோல் ஒழுகுகிறது அல்லது தாங்கி வெறுமையாகிவிட்டது என்று பொருள். ஸ்ப்ரைட்டில் பம்பு எந்திரத்தோடு ஒட்டியே இருந்ததால், கடுகண்ணாவை ஏற்றத்தில் பகல் வெயிலில் மெதுவாகப் போகும் லொறியின் பின்னால் மாட்டிக்கொண்டால், குழாயிலுள்ள பெற்றோல் சூட்டில் ஆவியாகி ஓட்டம் தடைப்படும். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிக் கால்மணி நேரம் காத்திருப்பதே அதற்கு வைத்தியம்.

ஏறுவதைவிட இறங்குவது ஆபத்தானது. அக்காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக் இருந்தது. சுழலும் உருளைக்குள்ளிருந்து கட்டைகள் விரிந்து உரசி வேகத்தைத் தடுக்கும் இம்முறையில் சூடு வெளியேற வழி குறைவு. றம்பொடை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சற்று நேரத்தில் கருகல் மணம் எழும், பிறகு மிதி இருக்கும், பிடி இருக்காது. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலைநாட்டு ஓட்டுநரின் பால பாடம். கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில் உன்னஸ்கிரியவைத் தாண்டியபின் வரும் கொண்டை ஊசி வளைவுகளில், ‘பதினெட்டு வளைவு’ என்று பெயர் பெற்ற அந்த இறக்கத்தில், இப்பாடத்தை மறந்தவர் பலர். பிற்காலத்தில் வீதி அகலப்படுத்தப்பட்டபோது அங்கே ஒரு வளைவு குறைந்தது. பெயர் மட்டும் குறையவில்லை.

1950களின் நடுப்பகுதிவரை இக்கார்கள் சுதந்திரமாக இறக்குமதியாயின. வாங்கியோரில் துரைமாரோடு கொழும்பு, கண்டி வழக்கறிஞரும் மருத்துவரும் வணிகரும் சேர்ந்திருந்தனர். அதன்பின் நாட்டின் அரசியலும் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியும் காரின் கதையையும் மாற்றின. 1957-58இல் வாகன இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமாக்கப்பட்டபோது தமிழ்ப் பகுதிகளில் அதற்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி எழுந்தது. தகட்டில் தார் பூசுவதும் தமிழ் எழுத்தை எழுதுவதும் சிறை செல்வதும் அன்று அரசியற் செயல்களாயின. ஏற்கெனவே பதிவான கார்கள் தம் பழைய ஆங்கில எழுத்துத் தகட்டையே வைத்துக்கொண்டன. இன்று சேகரிப்பாளர் அத்தகைய தகடுள்ள காருக்குக் கூடுதல் விலை கொடுப்பது அதன் வயதுக்கு அத்தாட்சியாகத்தான். ஆனால் அந்தத் தகட்டுக்கும் அடுத்து வந்த தகட்டுக்கும் இடையில் எவ்வளவு கசப்பு நிகழ்ந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்டத் தேவையில்லை.

1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாக, எஞ்சியிருந்த ஆங்கிலேயத் துரைமாரும் வெளியேறினர்; அவர்கள் விட்டுச்சென்ற கார்கள் கை மாறின. புதிய கார் வராத நாட்டில் இருக்கும் கார் சாகக் கூடாது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் இலங்கையில் எஞ்சியமைக்கு உடைமையாளரின் இரசனையையே பலரும் காரணமாகச் சொல்வதுண்டு. உண்மையில் பஞ்சமே அவற்றைக் காப்பாற்றியது, பஞ்சத்தைச் சமாளித்தவர்கள் கராஜ்களில் வேலை செய்தவர்கள்.

அவர்கள் கண்டுகொண்ட முக்கியமான உண்மை, ஸ்போர்ட்ஸ் காரின் எந்திரம் பெரும்பாலும் குடும்பக் காரின் எந்திரமே என்பது. ஸ்ப்ரைட்டில் இருந்த 948 கன சென்டிமீற்றர் எந்திரம், 1956 முதல் மொரிஸ் மைனரில் இருந்த அதே ‘ஏ’ வரிசை எந்திரம். காபரேட்டர்களின் எண்ணிக்கையிலும் சில உள்ளுறுப்புகளிலுந்தான் வேறுபாடு. இலங்கை வீதிகளில் மொரிஸ் மைனர் மலிந்திருந்தவரை ஸ்ப்ரைட்டுக்கு உதிரிப்பாகம் கிடைத்தது. எம்.ஜி.ஏ. காரின் 1489 கன சென்டிமீற்றர் எந்திரமோ, கல்கத்தாவுக்கருகே தயாரான அம்பாசிடர் காரில் பல ஆண்டுகள் ஓடிய ‘பி’ வரிசை எந்திரத்தின் உடன்பிறப்பு. இங்கிலாந்தில் கிடைக்காமற்போன பாகத்துக்குச் சமமானது பாக்குநீரிணைக்கு அப்பால் புதிதாகவே விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. இவ்வாறு பொருந்தாதவற்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடினர். அங்கும் கிடைக்காதவற்றை லேத் பட்டறையில் கடைந்தெடுத்தனர். தேய்ந்த பிரேக் கட்டையில் புதிய உரசுபட்டையை அளந்து வெட்டி, துளையிட்டு, செம்பு ஆணி அறைந்து, ஓரத்தை அரத்தால் சரித்துவிடும் வேலை அன்றாடம் நடந்தது. எம்.ஜி. டி.சி. காரின் உடற்கூடு ஆஷ் என்ற ஐரோப்பிய மரத்தாலான சட்டத்தின் மேல் தகடு போர்த்தப்பட்டது. மழையிலும் கறையானிலும் அது இற்றுப்போனால், பழைய துண்டையே அச்சாக வைத்து உள்ளூர் மரத்தை இழைத்துப் பொருத்தத் தச்சர் அழைக்கப்பட்டார். பேராதனைப் பாலத்தைக் கட்டிய தச்சுக் கலையின் ஒரு கிளை கார்க் கூட்டுக்குள்ளும் நுழைந்தது என்று சொல்வது மிகையாகாது. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டபோது, ஈயத்தின் காப்பில் ஓடிய பழைய வால்வு இருக்கைகள் தேயத் தொடங்கவே, கடினமான உலோக வளையம் பதிக்கும் வேலையும் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தது.

வடக்கு நோக்கிய நெடும்பயணத்தின் வரலாறு வேறு விதமானது. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம்வரை ஏறத்தாழ 320 கிலோமீற்றர் போகும் ஏ9 வீதி, யாழ்ப்பாணத்தில் இன்றும் கண்டி வீதி என்றே அழைக்கப்படுகிறது. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்ட வழியே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாக ஏறிவந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர் தொகை பெரிது. நெடும்பயணம் என்ற சொல்லை அந்த வீதியில் பயன்படுத்தும்போது காரோட்டிகளை மட்டும் நினைப்பது நியாயமாகாது. 1983 ஜூலை வன்முறை கண்டி, மாத்தளை நகரங்களின் தமிழ் வணிகத்தையும் தாக்கியது. 1990இல் போர் ஏ9 வீதியை மூடியது. 2002இல் போர்நிறுத்தத்தோடு திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடி, 2009இல் போர் முடிந்த பின்பே அது நிலையாகத் திறந்தது. மூடியிருந்த ஆண்டுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த குடாநாட்டில் ஒஸ்டின்களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின: சில துளி பெற்றோலில் எந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் உத்தி அங்கு வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தது. கண்டியில் ஞாயிற்றுக்கிழமைக் காராக மாறிவிட்ட அதே வயதுக் கார், யாழ்ப்பாணத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வாடகைக் காராக உழைத்தது. பழைய காரின் வரலாற்றை எழுதுவோர் முதலாவதற்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கி, இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுவதுண்டு. அது சரியான அளவு அல்ல.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. பழையவை பல கொட்டிலுக்குப் போயின, சில கப்பலேறின. 1945க்கு முன் இலங்கையில் முதன்முதல் பதிவான பயணிகள் வாகனங்களை ஏற்றுமதி செய்ய அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விதி, யானைத் தந்தம், பவளப்பாறை போன்ற பொருள்களோடு ஒரே பட்டியலில், இன்று உள்ளது. பழைய கார் உடைமையாளரின் கழகங்களும் தோன்றிக் கொழும்பிலிருந்து கண்டி, நுவரெலியா நோக்கிப் பேரணிகள் போகின்றன. பழமை தரும் மதிப்பு சில வேளை காரின் தகுதியைவிட அதில் இருந்தவரைச் சார்ந்தது என்பதற்கும் சான்றுண்டு: இளம் கடற்படை வீரராக 1940இல் இலங்கையிலிருந்த இளவரசர் பிலிப் வாங்கிய, 1935இல் தயாரான எளிய ஸ்டாண்டர்ட் நைன் கார், கொழும்பு காலிமுகத் திடல் ஹோட்டலில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

பஞ்சம் மீண்டும் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்காகக் கியூ.ஆர். அட்டை அறிமுகமாகி, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று வரையறுக்கப்பட்டது. அந்த அளவில் கண்டியிலிருந்து நுவரெலியா போய்த் திரும்புவதே ஒரு வாரத்துப் பெற்றோலில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கும்வரை, ஓடும் நிலையிலுள்ள எந்தக் காரும் விலை ஏறியது. 1960களில் தகப்பன்மார் கற்ற பாடத்தைப் பட்டறைகள் மறுபடி படித்தன.

நகரமும் மாறிவிட்டது. 1998 ஜனவரியில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின் தலதா மாளிகையின் முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டதால், போக்குவரத்து முழுவதும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த ஏரியைச் சுற்றியே போகிறது. நெரிசலில் நின்று நின்று ஊரும்போது பழைய காரின் தண்ணீர் கொதிப்பது கடுகண்ணாவை ஏற்றத்தைவிட ஏரிக்கரையிலேயே அதிகம்.

கடுகண்ணாவையில் புகையிரதத்துக்கு அருங்காட்சியகம் உண்டு; கிரிபத்கும்புரையில் வீதி அமைப்புக்கும், நீராவி உருளைகள் முதலியவற்றோடு, ஓர் அருங்காட்சியகம் உண்டு. இந்த இரண்டுக்கும் இடையே ஓடிய கார்களைப் பழுதுபார்த்தோரின் அறிவுக்கு இதுவரை இடமில்லை. கண்டி, கட்டுகஸ்தோட்டை, மாத்தளைப் பட்டறைகளில் அந்த அறிவைக் கையில் வைத்திருப்போர் முதுமை அடைந்துவிட்டனர். அவர்களின் கணக்குப் புத்தகங்களும் அச்சுக்கட்டைகளும் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பொறியியற் பீடமும் வரலாற்றுத் துறையும் ஒரே வளாகத்தில் உள்ள பேராதனைப் பல்கலைக்கழகம் அவர்களின் வாய்மொழியைச் சிங்களத்திலும் தமிழிலும் பதிவுசெய்து, அந்தப் புத்தகங்களைத் திரட்டும் பணியைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.